ஏலூர் வீட்டுக் கணினியின் தகுதியின்மை: ஓர் ஆராய்ச்சி

கொச்சிக்கு அருகே, பெரியாற்றின் இரு கிளைகளுக்கு நடுவே கிடக்கும் ஏலூர், ஆலைகளின் ஊர். ஃபாக்ட் உர ஆலை 1947-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது, அமோனியாவுக்கு வேண்டிய வாயுவை விறகிலிருந்தே எடுத்தார்கள். விறகை உரமாக்கத் தெரிந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டிலிருந்தபடி ஒரு நாள் விடுப்புக்கு விண்ணப்பிக்க முடியவில்லை என்பதே இவ்வாய்வின் சிக்கல். (தொடர்புடைய ஆலையின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்பட்டது. விடுப்பு இன்னும் சாங்ஷன் ஆகவில்லை என்பது துணைக் காரணம்.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினியில் ஓடுவது லினக்ஸ். மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. மாநிலத்தின் 2007 தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் அதையே ஆதரித்தது. விடுப்புக்கான அலுவலகத் தளமோ, 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 உலாவியைக் கேட்கிறது.

காரணம் பற்றி மூன்று கொள்கைகள் உள. கணினியே குற்றவாளி என்பர் ஐடி பிரிவார். “சாரே, வீட்டில் விண்டோஸ் இல்லே?” என்பது அவர்களது சூத்திரம், அதற்கு உரை கிடையாது. மோடத்தை அணைத்துப் போட்டால் சரியாகும் என்பர் பக்கத்து வீட்டார். அது பொருந்தாது, அதே இணைப்பில் யூடியூப் தடையின்றி ஓடக் காண்கிறோம். மூன்றாவது மகளுடையது: “அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல. உங்க ஆபீஸ் சைட்டுக்குத்தான் வயசாயிடுச்சு.”

சான்றுகள் மகள் பக்கமே. 1996-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ்எக்ஸ் என்றொரு வசதியைத் தன் உலாவியில் சேர்த்தது. தளத்திலிருந்து ஒரு குறுநிரல் இறங்கி வந்து விண்டோஸுக்குள்ளேயே வேலை செய்யும். டிஜிட்டல் கையொப்பம் முதலான காரியங்களைப் பல அலுவலகங்கள் அதை நம்பி ஒப்படைத்தன. லினக்ஸில் அது அசையாது. அதே வேலைக்கு ஜாவா ஆப்லெட்டை நம்பியவர்களுக்கு 2015-இல் குரோம் கதவடைத்தது. எக்ஸ்ப்ளோரரையே 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஆக, நம் தளம் கேட்பது காலமான கிராம அதிகாரியின் கையெழுத்தை வாங்கி வரச் சொல்வதற்கு ஒப்பானது.

இது ஏலூர் நோய் மட்டுமன்று. தென்கொரியாவில் இணைய வணிகம் ஏறக்குறைய முழுதுமே ஆக்டிவ்எக்ஸில் சிக்கிக் கிடந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டை வாங்கத் துடித்த சீன ரசிகர்களால் கொரியத் தளங்களில் பணம் கட்ட முடியவில்லை; 2014-இல் தென்கொரிய அதிபரே இதைச் சொல்லிக் குறைபட்டார். அதன் பிறகும், அதற்குக் காரணமான டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் முறையை ஒழிக்க 2020 டிசம்பர் ஆயிற்று. ஒரு கோட்டுக்கே இவ்வளவு காலம் என்றால் கேஷுவல் லீவுக்கு எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

பரிசோதனையும் செய்தோம். உலாவி நீட்சி ஒன்றை நிறுவி, ஃபயர்பாக்ஸைத் தன் பெயர் எக்ஸ்ப்ளோரர் என்று பொய் சொல்ல வைத்தாள் மகள். தளம் நம்பியது, உள்ளே விட்டது, விண்ணப்பப் படிவத்தையும் காட்டியது. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பெயரை மாற்றலாம், உள்ளுறுப்பை மாற்ற முடியாது என்பது இதனால் பெறப்பட்டது.

முடிவு: தகுதியற்றது தளமே, கணினி நிரபராதி. எட்ஜ் உலாவியில் எக்ஸ்ப்ளோரர் பாவனை என்றொன்று உண்டு, அதுவும் விண்டோஸில் மட்டும்; 2029 வரையாவது இருக்கும் என மைக்ரோசாஃப்ட் வாக்களித்திருக்கிறது. அதற்குள் ஓய்வு பெறுவோர் கவலையற்று இருக்கலாம். ஏனையோர் விடுப்பு விண்ணப்பத்தைத் தாளில் எழுதிப் பழகிக்கொள்ளவும்.