நான் இங்க இல்லவே இல்ல

கீழ்வேளூரில் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கும் பெண்ணைப் பார்க்க, பழமும் பலகாரமும் இல்லாமல் வருகிற ஒரே ஆள் கேண்டிட் தம்பிதான். கறுப்பு டீ-ஷர்ட், தோளுக்கொன்றாக இரண்டு கேமரா. போன வருஷம் வரை மஞ்சள் நீராட்டுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர், இன்றைக்குக் கர்ப்பிணிகளை வீட்டிலேயே இயல்பாகப் படம்பிடிக்கும் டாக்குமெண்டரி கலைஞர்.

“நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கக்கா. நான் இங்க இல்லவே இல்லன்னு நெனச்சுக்குங்க.”

அடுத்த வாக்கியம்: “அந்த கிரைண்டரைக் கொஞ்சம் நகத்த முடியுமா?”

கிரைண்டரோடு காலண்டர், ரேஷன் பை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கொல்லைக்குப் போகும். பத்து வருஷமாகப் பரணில் கிடந்த பித்தளைக் குடம் இயல்பாக முற்றத்துக்கு வரும். யானை ஏறமுடியாதபடி கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில் உள்ள ஊர் இது. தம்பியின் ட்ரைபாட் ஏறாத மாடி ஊரில் கிடையாது.

அப்பா வயலிலிருந்து வருகிறார். படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாய்க்காலிலேயே காலைக் கழுவி, வெள்ளைச் சட்டைக்கு மாறித்தான் வருகிறார். தம்பிக்கு முகம் விழுந்துவிடுகிறது. “அப்பா, அந்தச் சேத்தத் திரும்பப் பூசிக்கிட்டு ஒருதடவ வந்தீங்கன்னா நேச்சுரலா இருக்கும்.”

இந்தக் கலைக்கு வரலாறும் வைத்திருக்கிறார். 1991 ஆகஸ்ட் ‘வேனிட்டி ஃபேர்’ அட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணியான நடிகை டெமி மூரை ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்பார். அது வீட்டில் எடுத்ததல்ல, படத்தில் துணியும் இல்லை என்கிற இரண்டு விவரங்களையும் அப்பாயி முன்னால் சொல்வதில்லை. அதைவிட அவர் பக்தியோடு சொல்லும் பெயர் யூஜின் ஸ்மித். 1951 டிசம்பர் ‘லைஃப்’ இதழில், அமெரிக்காவின் தென் கரோலினாவில் வீடுவீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த மாட் காலன் என்ற கறுப்பினச் செவிலியரைப் பின்தொடர்ந்து ஸ்மித் எடுத்த படங்கள் வந்தன. பார்த்த வாசகர்கள் அனுப்பிய பணத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு மருத்துவ நிலையமே எழுந்தது. தம்பி இதை விவரிக்கும்போது அவருக்கே கண் கலங்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் கிராம சுகாதார நர்ஸ் உள்ளே வருகிறார். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணைச் சரிபார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, சத்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். பத்தில் ஏழு மாத்திரை அப்படியே இருக்கிறது. பெண் முழிக்கிறாள். அம்மா பெண்ணை முறைக்கிறாள். பெண் அப்பாயியைப் பார்க்கிறாள். அதைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லி வைத்ததே அப்பாயிதான். அப்பாயியோ விட்டத்தைப் பார்க்கிறார். ஸ்மித் உயிரோடு இருந்திருந்தால் ஒரு ரோல் ஃபிலிமை இங்கேயே முடித்திருப்பார்.

“நர்ஸக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃபிரேம்ல விழுறீங்க.”

அப்பாயியின் கணக்கு வேறு. அவருக்குத் தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நாகப்பட்டினம் ஸ்டூடியோவில் எடுத்த படம் கூடத்தில் தொங்குகிறது. பூ தைத்த சடை தெரிவதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் முதுகும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இது வழக்கம். அதுமாதிரிப் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறது. அந்த ஸ்டூடியோக்காரர் இயல்பாக இரு என்றெல்லாம் கேட்டதில்லை. அசையாதே என்று மட்டும் சொன்னார். எனக்கென்னவோ அவர்தான் நேர்மையான ஆள் என்று படுகிறது.

“கண்ணாடி வைக்காம என்ன படம்?” என்று அப்பாயி உட்கார்ந்துவிட, தம்பி வேண்டாவெறுப்பாகப் பெண்ணைக் கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ முன்னால் நிறுத்தி ஒன்று தட்டுகிறார். சடை நன்றாக விழுந்தது. சடைக்குப் பக்கத்தில் கேமராவும், அதற்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு தம்பியும். அன்றைக்கு எடுத்ததில் யாரும் ஏற்பாடு செய்யாத ஒரே முகம்.

ஆல்பம் வந்தபோது குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அத்தனையும் கறுப்பு வெள்ளை. அப்பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

“ஏந்தம்பி, பச்சப் பட்டுப் பொடவ எங்க?”

“இது ஆர்ட்டு அப்பாயி.”

“நல்ல காரியத்துல கறுப்பா? கலருக்கு எவ்வளவு கூடன்னு கேட்டிருந்தா குடுத்திருப்போமே!”

தம்பி பேர் வைக்கிற விழாவுக்கு முன்பணம் கேட்க வாயெடுத்தவர், கலர் உண்டு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொன்னார்.