தனியை ஓட்டாதே, பேராண்டி

வாடா பேராண்டி. சொவர் முழுக்க டிவியை மாட்டி, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் நட்டு, "தாத்தா, இனிமே மார்கழிக் கச்சேரி நம்ம வூட்டுக் கூடத்துலதான்"னு சொன்ன பாரு, எனக்கு ஒரே பூரிப்பு. உன் பாட்டிதான், "கச்சேரி வந்துடுச்சு சரி, சபா கான்டீன் எப்ப வரும்?"னு கேட்டா. கேக்கட்டும். அவளும் பாதி ரசிகைதான்.

நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே. எங்க காலத்துல வேலூர்க்காரன் ஒரு சபா கச்சேரி கேக்கணும்னா 140 கிலோமீட்டர் தாண்டி மெட்ராஸ் போவணும். நம்ம ஆம்பூர்க்காரனுக்கு இன்னும் தூரம். மெயின் ராகத்துல வித்வான் சஞ்சாரம் பண்ணிக்கிட்டிருப்பார், நம்ம மனசு சென்ட்ரல் ஸ்டேஷன்ல சஞ்சாரம் பண்ணும். மங்களம் கேட்டவன் ரயிலை வுட்டான், ரயிலைப் புடிச்சவன் மங்களத்தை வுட்டான்.

அப்பால 1975 ஆகஸ்ட் 15ல மெட்ராஸ்ல டிவி வந்தது. திருவையாத்துல பஞ்சரத்னம் பாடுறதைத் தூர்தர்ஷன் நேரா காட்டுச்சு. 2008ல ஜெயேந்திரா 'மார்கழி ராகம்'னு கச்சேரியையே சினிமாவா எடுத்தார். பாம்பே ஜெயஸ்ரீயும் டி.எம்.கிருஷ்ணாவும் பாட, கேமரா புடிச்சவர் பி.சி.ஸ்ரீராம். சண்டை கெடையாது, காமெடி கெடையாது, பாட்டுதான் படம். அதே 2008ல, நம்ம ஊர் ஷூ கப்பலேறிப் போவுதே, அந்த ஜெர்மனியில பெர்லின் பில்ஹார்மோனிக்காரங்க 'டிஜிட்டல் கான்சர்ட் ஹால்'னு தொறந்து, தங்களோட கச்சேரியை உலகம் பூரா வூட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. 2020 மார்கழியில கொரோனா சபா கதவைச் சாத்துனப்போ, சென்னை சபாக்காரங்க பலபேர் ஒண்ணு சேர்ந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி'ன்னு டிக்கெட் போட்டு இன்டர்நெட்ல கச்சேரி வெச்சாங்க. ஆக, வித்வான் உன் வூட்டு வாசலுக்கு வந்துட்டார். உள்ள கூப்புடத் தெரியுதான்னுதான் இப்ப கேள்வி.

உன் லட்சணத்தை நேத்து பாத்தேனே. வர்ணம் பாடும்போது வாட்ஸ்அப். ஆலாபனைக்கு வறுத்த கடலை. வயலின்காரர் வில்லைத் தூக்கும்போது உன் பொண்டாட்டி மிக்ஸியைப் போட்டா, நீ சத்தத்தைக் கூட்டினே, அவ மிக்ஸியைக் கூட்டினா. அதையெல்லாம் கூட மன்னிச்சுடலாம். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சாரு பாரு, ரிமோட்டை எடுத்து பத்துப் பத்து செகண்டா தள்ளி, கோர்வை முடியறதுக்குள்ள துக்கடாவுல போய் எறங்கிட்டியே! அதைத்தான்டா மன்னிக்க முடியல.

சபாவுலயும் தனி வந்தா எழுந்து போறாங்களேன்னு நீ கேப்பே. போறாங்கதான். அவங்க மயிலாப்பூர்க்காரங்க, போண்டா ஆறிடும்னு போறாங்க. நீ எந்த ஊரு? நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும், தாத்தாவோ மாமனோ ஒருத்தராவது தோல் பதனிடுற ஷாப்புல நின்னவராத்தான் இருப்பார். அந்தப் பத்து நிமிஷம்தான்டா கச்சேரியில தோலு தனியாப் பேசுற நேரம். ஆம்பூர்க்காரனே அதை ஓட்டிவுட்டா, அப்பால யாரு கேப்பா?

மிருதங்கத்துல மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூணும் இருக்குது. பலாமரக் கட்டைக்கு ரெண்டு பக்கமும் தோல் மூட்டு கட்டி, வாரால இழுத்துப் புடிக்கணும். வலது பக்கத்து வலந்தலை நடுவுல கறுப்பாத் தெரியுதே, அது கல்லை இடிச்சுப் பொடியாக்கி, சோத்தோட பிசைஞ்சு, பூசிப் பூசித் தேய்ச்சு ஏத்துனது. இடது பக்கத் தொப்பியில கச்சேரிக்கு முன்னால ரவையை ஒட்டுவாங்க. நீ உப்புமா கிண்டுற ரவைதான்டா அங்க கும்கி குடுக்குது.

"அப்ப நம்ம ஷாப்புத் தோல்தானா தாத்தா?"ன்னு மார்தட்டக் கெளம்பிடாதே. நம்ம ஷாப்புக்கு வந்த தோல் சுண்ணாம்புல ஊறி, டிரம்முல சுத்தி, குரோம் குடிச்சு, வெட் புளூன்னு நீலமா வெளிய வரும். அது ஷூவுக்கு ஆவும், நாதத்துக்கு ஆவாது. மிருதங்கத்துக்குப் பதனிடாத பச்சைத் தோலைச் சுத்தம் பண்ணி வெயில்ல காய வெச்சுக் கட்டுறதுதான் வழக்கம். உமையாள்புரம் சிவராமன் மாதிரி பெரிய வித்வான், பதனிட்ட தோலையும் பதனிடாத தோலையும் வெச்சு ஆராய்ச்சியே பண்ணினவர். ஃபைபர் கிளாஸ்ல மிருதங்கமும் செஞ்சு பாத்தார். உனக்குத் தோலைப் பாத்தா எக்ஸ்போர்ட் ஆர்டர் மட்டுந்தான் தெரியுது.

இன்னொண்ணு. வேலூர்னா உனக்குக் கோட்டை தெரியும், சி.எம்.சி. ஆஸ்பத்திரி தெரியும். வேலூர் ராமபத்ரன் தெரியுமா? 1929ல பொறந்தவர். அப்பா கொன்னக்கோல் சொன்னவர், புள்ளை மிருதங்கம் வாசிச்சார். செம்மங்குடிக்கு வாசிச்சார், மதுரை மணி ஐயருக்கு வாசிச்சார். தன் கெட்டிக்காரத்தனத்தைக் கடை பரப்பாம, பாட்டு நிக்கிற மாதிரி வாசிச்சவர். 2004ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் குடுத்தது. 2012ல காலமானார். ஊர்ப் பேரைத் தன் பேருக்கு முன்னால போட்டு நாடு பூரா சுமந்தவரை, பக்கத்து ஊர்க்காரன் நீ ரிமோட்டால தள்ளுறே. நல்லா இருக்குதுடா நியாயம்.

சரி, உன்னை மட்டும் சொல்லக் கூடாது. படம் புடிக்கிறவங்களும் உனக்கு அண்ணன்தான். பாடறவங்க மூக்குத்தி ஜொலிக்கிறதை ஆறு கேமராவுல காட்டுவாங்க. மிருதங்கக்காரர் விரல் பறக்கும்போது மட்டும், முதல் வரிசையில தாளத்தைத் தப்பாப் போடுற மாமாவைக் காட்டுவாங்க. மேடை ஏறுறவர் தோல் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவார். ஏறி, தோல் வாத்தியத்தை மடியில வெச்சுக்குவார். தோலைத் தட்டினவருக்குப் பொன்னாடை. தோலை உரிச்சு, காய வெச்சு, மூட்டு கட்டினவர் எந்தக் கேமராவுலயும் இல்ல.

அந்தக் கொறையைத்தான் டி.எம்.கிருஷ்ணா 2020ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு புஸ்தகமா எழுதினார். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செஞ்ச பர்லாந்துன்னு, வாத்தியம் செய்யற தலித் கிறிஸ்தவங்க கதை. வெளியீட்டு விழாவுக்கு மொதல்ல எடம் குடுத்த கலாக்ஷேத்ரா அப்பால மாட்டேன்னுடுச்சு, விழா வேற எடத்துல நடந்தது. தோல் மேடைக்கு வரலாம், தோலோட கதைதான் படி ஏறக் கூடாது போலிருக்குது.

படம் எடுக்கிறதுல இன்னொரு சங்கடம், நாள் கடத்துறது. சத்யஜித் ராய் பதினாலு வயசுல கல்கத்தாவுல பாலசரஸ்வதி பரதநாட்டியம் ஆடினதைப் பாத்தார். அவரைப் பத்தி 'பாலா'ன்னு டாக்குமெண்டரி எடுத்தது 1976ல, பாலாவுக்கு 58 வயசு ஆனப்போ. கடற்கரையில ஆட வெச்சார், காத்துல சேலை ஒரு பக்கம் பறக்குது. அப்பவும் எடுத்தாரே, அதனாலதான் இன்னைக்கு அந்த முகத்தையும் கையையும் நாம பாக்கிறோம். ராய்க்கே நாள் கடந்துபோச்சுன்னா, உனக்கு எனக்கு என்ன?

அதனால சொல்றேன் கேளு. பிரியாணி அண்டாவைத் தொறக்கிறதை நீயும் உன் கூட்டாளிங்களும் அம்பது தடவை வீடியோ எடுத்தாச்சு. ஆம்பூர் பிரியாணி ஆவி விடும்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. அந்த போனைத் தூக்கிக்கிட்டு, மூட்டு கட்டுற ஒரு பெரியவரைத் தேடிப் போ. அவர் கை இன்னா பண்ணுதுன்னு எடு. எந்தத் தோலை எப்படிப் பொறுக்குறார், வாரை எப்படி இழுக்கிறார், சுருதி சேந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறார்னு கேளு. பின்னணியில சினிமாப் பாட்டு மட்டும் போட்டுடாதே, கோடிப் புண்ணியம்.

அதுவரைக்கும், தனி ஆவர்த்தனம் வந்தா ரிமோட்டைப் பாட்டி கையில குடுத்துடு. கணக்கு புரியலைன்னா பரவாயில்ல, தோலைக் கேளு. அதுவும் முடியாதுன்னா தாராளமா ஓட்டிக்கோ, குடி ஒண்ணும் முழுகிடாது. ஆனா எந்த ஊருன்னு யாராவது கேட்டா, ஆம்பூர்னு மட்டும் சொல்லாதே.