கெல்ப் மேல் வெள்ளை விரிப்பு

கேள்வி: அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் கெல்ப் பாசிமேல் வெள்ளை வலைபோல் படர்ந்திருப்பது செடியா, பவளமா?

பதில்: இரண்டும் இல்லை, அது ஒரு விலங்குக் குடியிருப்பு! மெம்பிரானிபோரா மெம்பிரனேசியா, 1767-இல் லின்னேயஸ் விவரித்த இனம். ஒவ்வொரு அறையிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு குடித்தனக்காரர். பவளத்துக்கு உண்ணவும் கழிக்கவும் ஒரே வாசல், இவருக்கு இரண்டு. அதனால் பிரையோசோவா என்ற தனித் தொகுதியில் சேர்த்தார்கள்.

இனம் காண நிறத்தை நம்பாதீர்கள். லென்ஸில் அறையைப் பாருங்கள். நீள்செவ்வகம், மூலைகளில் குட்டை முட்கள் என்றால் இவர். அறையின் முன்பக்கச் சவ்வைச் சுற்றி முள்வேலி இருந்தால் அது எலக்ட்ரா பைலோசா என்ற இன்னொரு பிரையோசோவா இனம்.

1987-இல் மெய்ன் வளைகுடாவில் முதலில் தென்பட்ட இந்த விருந்தாளி, கெல்ப் இலைகளை எளிதில் ஒடியவைத்து, கடலடிக் காடுகளைக் குலைக்கிறது. அறிவியலில் ஆளடையாளம் தெரிந்த பிறகுதான் வைத்தியம்.