அறுக்க முடியாத பை

மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கும் தம்பிகளைப் பார்த்தால் பூரிப்பாக இருக்கிறது. மார்புக்குக் குறுக்கே பிராண்டு ‘பெல்ட் பேக்’. இடுப்பில் கட்ட வேண்டியதைத் தோளில் மாட்டுவதற்குத்தான் கூடுதல் விலை.

இடுப்பில் பணப்பை கட்டுவதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர்கள் வழிகாட்டிவிட்டார்கள். தோலை உள்பக்கமாகத் தைத்து, புரட்டி, வாயில் சுருக்குக் கயிறு கோத்து, இடைவாரிலிருந்து வெளியே தொங்கவிட்டார்கள். திருடனுக்கு எத்தனை வசதி! சின்னக் கத்தியால் கயிற்றை அறுத்தால் வேலை முடிந்தது. நாலு பேர் பிழைக்கட்டும் என்று நினைத்துச் செய்த வடிவமைப்பு.

நம் சந்தைப் பெரியவர்களுக்கு அந்தத் தாராள மனம் ஏது? அகலமான பச்சை பெல்ட், அதிலேயே பை, பைக்கு மூடி, மூடிக்கு பிரஸ் பட்டன், எல்லாவற்றுக்கும் மேலே சட்டை. மாட்டுக்கு விலை பேசி முடித்து, சட்டையைத் தூக்கி, பட்டனைப் பிரித்து, நோட்டை எண்ணுவதற்குள் விற்கிறவர் மனம் மாறிவிடும். ஊரையே சந்தேகப்பட்டு வாழ்வதும் ஒரு வாழ்க்கையா?

தம்பிகள் அப்படியில்லை. பையில் பணமே வைப்பதில்லை, போன் மட்டும். அதற்கும் ஜிப், ஜிப்புக்குள் ஜிப். ‘பேங்க்லேர்ந்து பேசறோம் சார்’ என்று ஒரு குரல் அன்பாகக் கேட்டால், பிளாட்பாரமே கேட்கும்படி ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு துடைத்துவிட்டதுபோல் காலி. பையில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

கொடுத்த காசுக்கு உழைக்கிறது!