பதினோராம் மணிக் கூலி

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போக முதலில் கட்டிங் ஆர்டர் வரவேண்டும். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், சர்க்கரைக் கட்டுமானமும் இறங்கும். செயற்கை நுண்ணறிவு புகுந்து ஒழுங்குபடுத்த இதைவிடத் தோதான இடம் ஏது?

மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக்காரரை இங்கே வெட்டாள் மேஸ்திரியாகப் போட்டால் தெரியும் சேதி. விடியலில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம். மாலை 5 மணிக்கு வந்து அரிவாளைத் தொட்டவருக்கும் ஒரு தெனாரியம். மேஸ்திரியின் செயற்கை நுண்ணறிவுச் செயலி முதலில் கணக்குத் தீர்த்து அனுப்புவது மாலையில் வந்தவரைத்தான்.

கூலிக் கவலை திருச்சபைக்குப் புதிதல்ல: தொழிலாளர் உரிமை பற்றி 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் எழுதியவர் போப் 13-ஆம் லியோ. 2025 மே மாதம் அந்தப் பெயரையே தேர்ந்த போப் 14-ஆம் லியோ, அதற்குச் செயற்கை நுண்ணறிவையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

அவருக்கு முன்பே அமெரிக்காவின் 'கத்தோலிக் ஆன்சர்ஸ்' அமைப்பு முந்திக்கொண்டது. 2024 ஏப்ரலில் அது இறக்கிவிட்ட செயற்கை நுண்ணறிவுச் சாமியார் 'ஃபாதர் ஜஸ்டின்', கேட்டரேட் பானத்தில்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அருளினார். உடனே அங்கி கழன்றது. வெறும் ஜஸ்டின் ஆனார். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்து வாங்கும் பட்டத்தை வாங்கவும் இழக்கவும் அவருக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. உற்பத்தித் திறனில் குறை சொல்ல முடியாது.