கம்பளிக் கரடியின் கண்நிலை: ஓர் ஆய்வு

ஜப்பானியப் பள்ளிகளின் கோடை விடுமுறையில், கம்பளிப் பஞ்சைக் கொண்டு உள்ளங்கையளவு கரடி செய்யும் பயிலரங்கு, 'ஒயாகோ' எனப்படும் பெற்றோர்-பிள்ளை நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். கண்டாரைக் கொஞ்சத் தூண்டும் 'கவாயீ' என்னும் இயல்பே அதன் பயன். அதனை எய்தும் நெறி கருவி, உடல், செவி, கண் என நால்வகைப்படும்.

கருவியாவது, முனையருகே நுண்ணிய வெட்டுகள் கொண்ட ஊசி. அதனால் குத்தக் குத்தப் பஞ்சிழைகள் பின்னி இறுகும் என்பதும், இடையிடையே விரலும் குத்துப்படும் என்பதும் எல்லார்க்கும் உடன்பாடு. உடல் உருண்டை. செவி இரண்டு.

கண்ணோ பெரும்பூசலுக்கு இடமானது. பெரிய தலையும், துருத்திய நெற்றியும், முகத்தில் தாழ அமைந்த பெரிய விழிகளும் பேணும் உணர்வைத் தூண்டும் என்று 1943இல் எழுதிய விலங்கு நடத்தையறிஞர் கொன்ராட் லோரென்ஸ், கண்ணாகும் காம்புள்ள கறுப்பு நெகிழிமணியை மூக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் தள்ளிச் செருகுவது என்பதைச் சொல்லாது போனார். இக்குறையால் மூக்கின் வரிசையிலேயே கண்ணையும் வைக்கும் கீழ்க்கண்ணார் (பெரும்பாலும் பிள்ளைகள்), மெய்க்கரடியை எண்ணி மேலே வைக்கும் மேற்கண்ணார் (பெரும்பாலும் தந்தையர்) என இரு மரபுகள் கிளைத்தன. மூலபாடம், பஞ்சுப் பொட்டலத்தின் பின்புறத்து மூன்றாம் படத்தின் அம்புக்குறி. அதற்கு அடுத்த மேசைத் தாயாரின் வாய்மொழியுரை உண்டு. அதனை மறுத்து அவர் மகள் முணுமுணுத்த விருத்தியுரையும், தேநீர்க் கறை படிந்த பிரதியில் மட்டும் காணப்படும் பாடபேதமும் உள. கறையே அம்புக்குறி என்பாரும் உளர். மேற்கண்ணார் இறுதியில் மணியைப் பிடுங்கிக் கீழே செருகுவர் என்பதற்கு நெற்றியில் எஞ்சும் குழியே சான்று.

அதன்பின்னும் கரடி பன்றியாகத் தோன்றின் கலங்க வேண்டுவதில்லை. ஹலோ கிட்டி என்னும் தன் சித்திரப் பாத்திரம் பூனையன்று, சிறுமி என 2014இல் சான்ரியோ நிறுவனம் மானிடவியலறிஞர் ஒருவரையே திருத்தியுள்ளமையால், உருவத்தைக் கொண்டு இனம் துணிதல் ஆய்வுநெறியாகாது.

நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்தவர்கள் நுண்பணியை மேலும் கவனமாகச் செய்தனர் என ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பஞ்சு கரடியாக ஆக ஆகத் தந்தை மேசையோடு ஒன்றிவிடுவதை விளக்குகிறது. பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடுவதை அது விளக்கவில்லை.

முடிந்த கரடி, விடுமுறைக் கைவேலையாகப் பிள்ளையின் பெயரில் பள்ளியில் ஒப்படைக்கப்படும். மூத்தோர் உழைப்பு இளையோர் பெயரில் வெளிவரும் இம்முறை பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாகையால், அங்குள்ள பேராசிரியர்கள் இதனை ஒழுக்கக்கேடு என்றே கருதுவர்.