கொல்லைப்புறத்தில் யார் யார்?

கேள்வி: ஆட்டையாம்பட்டியில் புதிதாக வாங்கிய வீட்டின் கொல்லை முழுவதும் புதர் மண்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடலாமா?

பதில்: வெட்டும் முன் பெயர் கேட்பதே முறை, ஏனெனில் அந்த இடத்துக்குப் புதியவர் குடிவந்தவரே அன்றிச் செடிகள் அல்ல. ஆட்டையாம்பட்டி அமைந்த சேலம் சமவெளியில் மழை ஓய்ந்த கொல்லைகளில், இலை வரிசையின் கீழே நெல்லி போன்ற சிறு காய்களைத் தாங்குவதால் பெயர் பெற்ற கீழாநெல்லியும், தரையோடு படர்ந்து கீரையாகச் சமைக்கப்படும் மூக்கிரட்டையும், பல்சக்கரம் போன்ற காயால் அடையாளம் காணப்படும் துத்தியும், வேரால் பூனைகளை ஈர்க்கும் குப்பைமேனியும் தாமாகவே முளைக்கின்றன. இவற்றிடையே, கேரட் தழையை ஒத்த இலையும் வெண்ணிறச் சிறு பூவும் கொண்ட பார்த்தீனியம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து 1950-களில் புணேயில் கண்டறியப்பட்ட அயல் களையாகும். அது தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்குவதோடு ஒரே செடியில் ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்ப்பதால், அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1983-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இவற்றிடையே வளரக்கூடிய ஊமத்தையோ வேர் முதல் விதை வரை நஞ்சு. ஆகவே பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குக. அடையாளம் உறுதியாகாத எதையும் உண்ணற்க. எஞ்சியவற்றை ஒரு மழைக்காலமேனும் வாழ விடுக.